செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்: கோல் மார்க்கெட்டை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தலைநகருக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்ட தமிழ்க் குடும்பம் எதையும் கேட்டுப் பாருங்கள். "எங்க தாத்தா முதல்ல கோல் மார்க்கெட்லதான் இருந்தார்" என்ற வாக்கியம் பேச்சில் எப்படியும் வந்து விழும். அப்புறம் லோதி காலனி, வினய் நகர் என்று பெயர் வைத்துப் பின்னால் சரோஜினி நகர் ஆன இடம், கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம், இப்போது துவாரகா, நொய்டா என்று நாம் பரவிவிட்டோம். ஆனால் கணக்கு தொடங்குவது பெரும்பாலும் கோல் மார்க்கெட்டில்தான்.

அந்தக் கோல் மார்க்கெட்டின் நடுவே நிற்கும் பழைய கட்டடத்தை அருங்காட்சியகம் ஆக்குவது என்று புது தில்லி நகராட்சி மன்றம் முடிவு செய்தது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். பத்திரிகையில் செய்தி வந்தபோது நண்பர் ஒருவர், "அதுல நமக்கென்ன சார் இருக்கு? நாலு படம் மாட்டி, டிக்கெட் கிழிப்பான்" என்றார். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஓர் ஊரின், ஒரு பேட்டையின் சரித்திரத்தைச் சொல்ல வரும் அருங்காட்சியகம் நாலு படத்தோடு நின்றுபோவதும், ஊரார் வந்து கூடும் இடமாக ஆவதும் எதனால் நிர்ணயிக்கப்படுகிறது? இதற்குச் சரித்திரத்திலேயே விடை இருக்கிறது. அங்கே கொண்டாடப்படும் நாட்களும், அந்த நாட்களில் உள்ளே வரும் ஜனங்கள் கையில் எதைக் கொண்டுவருகிறார்கள் என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இதை நாம் இப்போதே யோசிக்காவிட்டால், கோல் மார்க்கெட்டின் கதையில் நம் பங்கு ஒரு வரியாகக்கூட மிஞ்சாது என்பது என் அச்சம்.

வட்டக் கடைத்தெருவும் நம்மவர்களும்

தமிழில் 'கோல்' என்றால் கம்பு. இந்தியில் வட்டம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுக் குழம்பியதாகப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உண்மையில் கட்டடம் முழு வட்டமும் அல்ல. 12 பக்கங்கள் கொண்டது. தூர நின்று பார்த்தால் வட்டமாகத் தோன்றும், அவ்வளவுதான்.

1911 டிசம்பர் 12-ஆம் தேதி தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். புது தில்லி முறைப்படி திறந்து வைக்கப்பட்டது 1931 பிப்ரவரியில். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ரெய்சினா குன்றும் அதைச் சுற்றியிருந்த வெட்டவெளியும் நகரமாயின. லட்யன்ஸ் வகுத்த திட்டத்தில் யாருக்கு எங்கே வீடு என்பது உத்தியோகத்தைப் பொறுத்தது. பெரிய துரைகளுக்குத் தோட்டத்தோடு பங்களா. குமாஸ்தாக்களுக்கு வடக்கே, மேற்கே தள்ளி வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். அந்தக் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் காய்கறியும் மீனும் இறைச்சியும் வாங்க 1921-இல் கட்டப்பட்டதுதான் கோல் மார்க்கெட். ப்ளூம்ஃபீல்டு என்பவர் வரைந்த கட்டடம். கன்னாட் பிளேஸ் எழும்புவதற்கு முன்பே புது தில்லியில் அடுப்பெரிய வழி செய்த கடைத்தெரு இது. அதனால்தான் நகரத்தின் மிகப் பழைய சந்தைகளில் ஒன்று என்று இதற்குப் பெயர்.

கணக்கும் சுருக்கெழுத்தும் ஆங்கிலமும் தெரிந்த மதராஸ் ராஜதானி இளைஞர்கள் இந்த ஆபீஸ்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 1929-இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்த பிறகு வருகை இன்னும் சுலபமாயிற்று. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எதைப் பேசினாலும் இங்கே எல்லோரும் 'மதராஸி'தான். அப்போது சர்க்கார் கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்கும் மாறி மாறிப் போகும். குடும்பமும் பின்னாலேயே போகும். பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது? இந்தக் கவலையில் பிறந்ததுதான் 1923-இல் தொடங்கிய மதராஸி கல்விச் சங்கம். அதுவே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அதன் மந்திர் மார்க் பள்ளி கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.

மந்திர் மார்க் என்று இன்று சொல்லும் அந்தச் சாலைக்கு அப்போது ரீடிங் ரோடு என்று பெயர். அந்த ஒரே சாலையில் 1939-இல் காந்தியடிகள் திறந்துவைத்த லட்சுமி நாராயணர் கோயில், வங்காளிகளின் காளி பாரி, செயின்ட் தாமஸ் தேவாலயம், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் வால்மீகி கோயில் எல்லாம் இருக்கின்றன. வால்மீகி கோயிலை ஒட்டிய சின்ன அறையில் 1946 ஏப்ரலுக்கும் 1947 ஜூனுக்கும் இடையே காந்தியடிகள் 200 நாட்களுக்கு மேல் தங்கினார். அந்த அறை இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அங்கே அவர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார், மாலையில் பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும், ஜனங்கள் வந்து உட்காருவார்கள். ஒரு மைல் சுற்றளவுக்குள் இவ்வளவு சரித்திரம். ஆனால் இதையெல்லாம் ஒரே நூலில் கோத்துச் சொல்ல அந்தப் பேட்டையில் ஓர் இடம் இருந்ததில்லை.

சந்தை போய் மியூசியம் வந்த கதை

நடுக் கட்டடத்தைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கலாம் என்ற எண்ணம் 2000-களில் எழுந்தது. அங்கே தலைமுறையாகக் கடை வைத்திருந்த வியாபாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு நீதிமன்றம் போயிற்று. கடைசியில் கடைகள் காலியாயின. கட்டடம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, கூரையும் சுவரும் சிதைந்தன. அண்மை ஆண்டுகளில் நகராட்சி மன்றம் அதை மீண்டும் கையில் எடுத்து, சாதனை படைத்த பெண்களைப் போற்றும் அருங்காட்சியகமாக ஆக்குவது என்று முடிவு செய்தது.

பெண்களின் சாதனை என்றதும் நான் மகிழ்ந்தேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது உயிரோடு இருந்த சந்தையை எழுப்பிவிட்டு வரும் அருங்காட்சியகம். மீன் தராசும் கசாப்புக் கட்டையும் காய்கறிக் கூடையும் இருந்த இடத்தில் கண்ணாடிப் பேழை வரும். நம்மில் பல சைவக் குடும்பங்கள் அந்த நடுக் கட்டடத்தின் ஒரு பக்கத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிப்போனதும் உண்டு. வங்காளி அண்டை வீட்டாருக்கோ ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் மீன் பார்த்து வாங்கினால்தான் ஞாயிற்றுக்கிழமை. இரண்டுமே அந்தக் கட்டடத்தின் சரித்திரம். நூறு ஆண்டுக்காலம் ஜனங்கள் கூடிய இடத்தில் இனி யாருமே கூடாவிட்டால், சுவரைக் காப்பாற்றி என்ன லாபம்?

சென்னை கற்றுத் தரும் பாடம்

சென்னைக்காரர்களுக்கு ஒரு பழைய பேச்சு வழக்கு தெரியும். எழும்பூர் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்' என்று பெயர். மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர்க் காலேஜ்'. பாடம் செய்து வைத்த புலி இருந்தால் செத்த காலேஜ். உறுமுகிற புலி இருந்தால் உயிர்க் காலேஜ். படிக்காத ஜனங்கள் வைத்த பெயர் என்று இதைச் சிரித்துத் தள்ளுவார்கள். எனக்கென்னவோ, அருங்காட்சியக இயலில் இதைவிடக் கூர்மையான விமரிசனம் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டையும் அவர்கள் 'காலேஜ்' என்றுதான் சொன்னார்கள், கவனியுங்கள். கற்றுக்கொள்ளும் இடம் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

சுவாரஸ்யம் என்னவென்றால், இரண்டு காலேஜும் ஒரே வளாகத்தில் பிறந்தவை. 1851-இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். கல்லையும் கிளிஞ்சலையும் காட்டினால் ஜனங்கள் வருவார்களா? அவர் உயிருள்ள மிருகங்களை வளாகத்துக்குள் கொண்டுவந்தார். கூட்டம் அள்ளிக்கொண்டு வந்தது. 1855-இல் அதுவே மிருகக்காட்சி சாலையாயிற்று. பின்னால் மிருகங்கள் வேறு இடத்துக்குப் போயின. காலேஜ் இரண்டாகப் பிரிந்தது.

1885 முதல் 1908 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதி எழுதியவர். வருகிற ஜனங்கள் படிக்க வரவில்லை, வேடிக்கை பார்க்க வருகிறார்கள், மியூசியத்தை ஒரு 'தமாஷா' வீடாக நினைக்கிறார்கள் என்பது அவருடைய குறை. காணும் பொங்கலன்று கூட்டம் கட்டுக்கடங்காது. கட்டுச்சோற்று மூட்டையும் குழந்தை குட்டிகளுமாக வந்து மண்டபம் மண்டபமாகச் சுற்றுவார்கள். அறிஞர் கண்ணுக்கு அது அமளி. ஆனால் 'காணும்' பொங்கல் என்பதே உற்றார் உறவினரையும் ஊரையும் போய்ப் பார்க்கிற நாள். பார்ப்பதையே ஒரு பண்டிகையாக வைத்திருந்த ஜனங்கள், பார்ப்பதற்கென்றே ஓர் இடம் கட்டினால் வேறு எப்போது வருவார்கள்? மியூசியம் பண்டிகையை உருவாக்கவில்லை. பண்டிகை தானாக மியூசியத்துக்குள் நடந்து வந்தது.

இன்னொரு செய்தி. அந்தக் காலத்தில் கோஷா முறையில் இருந்த பெண்கள் ஆண்கள் கூட்டத்தில் வரமாட்டார்கள் என்பதால், மாதத்தில் ஒரு நாளை அங்கே பெண்களுக்கென்றே ஒதுக்கினார்கள். வீட்டு வாசலைத் தாண்டாத பெண்களுக்கு அமராவதிச் சிற்பத்தைப் பார்க்கக் கிடைத்த ஒரே வழி அந்த ஒரு நாள். கட்டடம் அதேதான், சிற்பம் அதேதான். நாள் ஒன்றைக் குறித்ததால் புதிதாக ஒரு கூட்டமே உள்ளே வந்தது. கோல் மார்க்கெட்டில் பெண்களுக்கான அருங்காட்சியகம் என்ற செய்தி வந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

கடல் கடந்து மூன்று ஊர்கள்

இனி நம் காலத்துக்கு வருவோம். பேட்டையின் சரித்திரத்தைச் சொல்லும் அருங்காட்சியகங்கள் உலகெங்கும் உண்டு. நமக்குப் பயன்படும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நம்மைப் போலவே ஒரு தலைநகரத்தில் இருப்பது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மாபெரும் அருங்காட்சியகங்கள் நகர நடுவில் இருக்கின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனகோஸ்டியா என்ற கறுப்பினத்தவர் பேட்டை. அங்கிருப்பவர்கள் நகர நடுவுக்கு வருவதே அபூர்வம். 1967-இல் அந்தப் பேட்டையிலேயே, பழைய சினிமாக் கொட்டகை ஒன்றில், ஸ்மித்சோனியன் ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்தது. ஜான் கினார்டு என்ற இளம் பாதிரியார் அதன் இயக்குநர். 1969-இல் அங்கே ஒரு கண்காட்சி நடந்தது. எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? எலியைப் பற்றி! பேட்டைப் பிள்ளைகள் தங்கள் வீட்டு எலித் தொல்லையைப் பற்றிப் பேசியதிலிருந்து பிறந்தது அந்த யோசனை. உயிருள்ள எலிகளையே கொண்டுவந்து வைத்து, எலி ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்று காட்டினார்கள். நம் பால்ஃபர் புலியைக் கொண்டுவந்தார், அவர்கள் எலியைக் கொண்டுவந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், எலி ஜனங்கள் சொல்லி வந்தது.

இரண்டாவது, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். அங்கே ஆறாம் வட்டாரம் என்ற பேட்டையில் பல இன மக்கள் கலந்து வாழ்ந்தார்கள். 1966-இல் நிறவெறி அரசு அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தது. சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் தரைமட்டமாயின. 1994 டிசம்பரில் அங்கிருந்த பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் அருங்காட்சியகம் திறந்தார்கள். காட்சிப் பொருள் அதிகம் இல்லை. பேட்டையின் பழைய தெரு வரைபடத்தைப் பெரிதாக வரைந்து தரையில் விரித்தார்கள். பழைய குடித்தனக்காரர்கள் வந்து, குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். இன்னொரு பக்கம் நீளமான துணி. அதில் ஒவ்வொருவரும் நினைவில் இருப்பதை எழுத, பின்னால் அதை நூலால் தைத்துவிடுவார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 11-ஆம் தேதி, அந்த அறிவிப்பு வெளிவந்த நாளில், பழைய குடித்தனக்காரர்கள் கூடி ஊர்வலம் போகிறார்கள். இடிந்த ஊரை அந்த நாட்களும் அந்தத் துணியும் பிடித்துவைத்திருக்கின்றன.

மூன்றாவது நமக்கு மிக நெருக்கமானது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் 2015 மே மாதம் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. திறப்பதற்கு முன்பே அங்குள்ள குடும்பங்களிடம் பொருள்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கதவை அகலத் திறந்து வைத்து எல்லா இனத்தவரையும் அழைக்கிறார்கள். சீனக் குழந்தையும் மலாய்க் குழந்தையும் வந்து கோலம் போட்டுப் பார்க்கும். 2019-இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழரின் வரலாற்றைத் தனிக் கண்காட்சியாகவே வைத்தார்கள். அடுத்து சீக்கியர், மலையாளிகள் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் முறை வந்தது. கட்டடத்தின் முகப்பு நம் வட இந்தியப் படிக்கிணறு போல அமைந்தது; தில்லிக்காரர்களுக்கு அதைப் பார்த்தால் அக்ரசேன் பாவ்லி நினைவு வரும்.

உள்நாட்டிலும் நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவில் பொங்கலும் நவராத்திரியும் பழைய வீடுகளின் முற்றத்திலேயே நடக்கின்றன. பஞ்சாபிகளைப் பாருங்கள். 1947-இன் பிரிவினையைச் சொல்ல 2017-இல் அம்ரித்சரிலும், 2023-இல் நம் தில்லி காஷ்மீரி கேட்டில் தாரா ஷிகோ நூலகக் கட்டடத்திலும் அருங்காட்சியகம் அமைந்துவிட்டது. அம்ரித்சரில் ஒரு புல்காரிக் கோட்டும் ஒரு தோல் பையும் இருக்கின்றன. பிரிவினைக்கு முன் நிச்சயமான ஆணும் பெண்ணும், கலவரத்தில் தனித்தனியே ஓடிவந்து, அகதி முகாமில் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். அவள் கொண்டுவந்தது கோட்டு, அவர் கொண்டுவந்தது பை. ராஜா காலத்துப் பொருள் அல்ல. வீட்டுப் பெட்டியில் கிடந்ததை யாரோ எடுத்துக் கொடுத்ததால் அது சரித்திரமாயிற்று.

கொலு என்ற வீட்டு அருங்காட்சியகம்

"அதெல்லாம் சரி, நமக்கு மியூசியம் நடத்தத் தெரியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாமலா நம் வீட்டுப் பெண்கள் வருஷா வருஷம் கொலு வைக்கிறார்கள்? யோசித்துப் பாருங்கள். பழைய பொருள்களைப் பெட்டியிலிருந்து துணி பிரித்து எடுக்கிறோம். உடையாமல் பார்த்துக்கொள்கிறோம். ஒழுங்குபடுத்திப் படியில் வைக்கிறோம். ஆண்டுக்கு ஒரு பொருளாவது புதிதாகச் சேர்க்கிறோம். வருபவர்களுக்கு ஒவ்வொன்றாக விளக்குகிறோம். "இது எங்க பாட்டி சீர்ல வந்தது, இந்தச் செட்டியார் பொம்மை காஞ்சிபுரத்துல வாங்கினது." ஒன்பது நாள் முடிந்ததும் மறுபடி கட்டி வைக்கிறோம். சேகரிப்பு, பராமரிப்பு, காட்சி, விளக்கம். அருங்காட்சியகக் காப்பாளர் இதைத்தானே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்?

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் கொலுக்களுக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. தசாவதாரத்துக்குக் கீழே 'பார்க்' கட்டும்போது அட்டையில் குதுப்மினார் நிற்கும். பஞ்சை ஒட்டிச் சிம்லா மலை. ஜனவரி 26 அணிவகுப்பைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள் ஈய சிப்பாய்களை வரிசையாக நிறுத்துவார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து "யே க்யா ஹை, பஹன்ஜி?" என்று கேட்க, என் அம்மா தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் ராமாயணம் முழுவதையும் சொல்லி முடிப்பாள். அடுத்த வருஷம் அந்த அம்மாளே லாகூரிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னப் பித்தளை விளக்கை எடுத்துவந்து, இதையும் வையுங்கள் என்று கொடுத்தாள். எங்கள் கொலுவில் அது கடைசிவரை இருந்தது. தில்லித் தமிழர் சரித்திரத்தை எழுத வருபவர்கள் ஆபீஸ் ஃபைல்களை மட்டும் புரட்டினால் இது கிடைக்காது. நகரத்தை நமக்கும் நம்மை நகரத்துக்கும் பழக்கிவைத்தவர்கள் உத்தியோகம் பார்த்த ஆண்களைவிட, அங்கீட்டி மூட்டிச் சுண்டல் வேகவைத்த பெண்கள்தான் என்பேன். பெண்களின் சாதனையைச் சொல்ல வரும் அருங்காட்சியகத்தில் அவர்களுக்கு ஒரு படி உண்டா என்பதே என் கேள்வி.

யாருடைய நினைவு?

இங்கே நம்மையே நாம் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தில்லித் தமிழர் சரித்திரம் என்றால் நாம் சட்டென்று சொல்வது குமாஸ்தா, ஸ்டெனோ, சங்கீத சபா, கோயில், பள்ளிக்கூடம். எழுத்தாளர்களையும் சேர்த்துக்கொள்வோம். தி. ஜானகிராமன், க.நா.சு., இந்திரா பார்த்தசாரதி, ஆதவன், சுஜாதா என்று தில்லியில் வாழ்ந்து எழுதியவர்களின் பட்டியல் பெருமைக்குரியதுதான். ஆனால் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த தமிழர்களும் இந்த ஊரில் உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரத்தில் பல பத்தாண்டுகளாக இருந்த மதராஸி கேம்ப், நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. 300-க்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு பகுதியினருக்கு மட்டும் வெகு தூரத்தில் நரேலாவில் மாற்று வீடு. அந்தப் பிள்ளைகளில் பலர் நம் தமிழ்ப் பள்ளிகளில் படித்தவர்கள். கேப் டவுனின் கதை அரசியலில் வேறு. ஒப்பிட்டு ஒன்று என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தெரு இல்லாமல் போனபின் அங்கே யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதை எங்கே போய் எழுதுவது என்ற கேள்வி இரண்டு ஊருக்கும் பொது.

குவார்ட்டர்ஸ் மட்டும் நிலைத்ததா? சரோஜினி நகரிலும் நேதாஜி நகரிலும் நௌரோஜி நகரிலும் அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுக் கோடையில் உறங்கிய அந்த முற்றங்களை இன்றைய பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்ட இடம் இல்லை. உத்தியோகக் குடும்பத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. குவார்ட்டர்ஸ் நம் சொந்தம் அல்ல. ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. அறுபது எழுபது ஆண்டு வாழ்ந்த ஒரு சமூகம் எழுத்தில் எந்தத் தடயமும் விடாமல் வெளியேறிவிடக் கூடும். பழைய கோல் மார்க்கெட்டை நேரில் கண்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை குறைகிறது. இதுதான் அவசரம்.

நாம் என்ன செய்யலாம்?

அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அருங்காட்சியகத்தில் பொம்மையும் பலகையும் வைப்பது நகராட்சியின் வேலை. அங்கே ஜனங்கள் கூடும் நாட்களை ஏற்படுத்துவதில் சங்கங்களுக்குப் பங்கு உண்டு. என் யோசனைகள் மூன்று.

முதலில், வரைபட நாள். கோல் மார்க்கெட் சுற்றுவட்டாரத்தின் பழைய வரைபடத்தைத் துணியில் பெரிதாக அச்சிட்டுத் தரையில் விரிப்போம். பேர்டு ரோடு, இர்வின் ரோடு, ரீடிங் ரோடு என்ற பழைய பெயர்களோடு, பங்களா சாஹிப் மார்க், பாபா கரக் சிங் மார்க், மந்திர் மார்க் என்ற புதுப் பெயர்களும் இருக்கட்டும். தமிழர் மட்டுமல்ல, வங்காளி, பஞ்சாபி, மலையாளி, வால்மீகிக் குடியிருப்புக்காரர், கடையைக் காலி செய்த வியாபாரி என எல்லோரும் வந்து தங்கள் வீட்டையோ கடையையோ குறிக்கட்டும். மீன் விற்றவர் குறித்தால்தான் அது சந்தையின் வரைபடம்.

இரண்டாவது, பெட்டி திறக்கும் நாள். மாதம் ஒருமுறை. வீட்டில் இருக்கும் பழைய ரேஷன் கார்டு, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம், பள்ளிக்கூட ரிப்போர்ட், நாடக நோட்டீஸ், கல்யாண ஃபோட்டோ ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். அங்கேயே நகலெடுத்துக்கொண்டு, மூலத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர் உட்கார்ந்து, பொருளைக் கொண்டுவந்தவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்வார். பொருளைவிடப் பேச்சு முக்கியம்.

மூன்றாவது, நவராத்திரி. ஒன்பது நாளில் ஒரு நாள் கோல் மார்க்கெட்டில் பொதுக் கொலு. படி நம்முடையது. ஆனால் காளி பாரியின் துர்கா பூஜையும் அதே நாட்களில்தான் வருகிறது, அவர்களையும் அழைப்போம். ஜங்புராவிலிருந்து போனவர்களையும் பேருந்து வைத்து அழைத்துவருவோம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நம் விழாக்களின் லட்சணம் நமக்குத் தெரியும். குத்துவிளக்கு, பொன்னாடை, முக்கியப் பிரமுகர், அவர் பேசி முடிக்கும்போது ஜனங்கள் கேன்டீனில் இருப்பார்கள். இந்த மூன்று நாட்களிலும் மேடையே வேண்டாம் என்பேன். வந்தவர்கள் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். செத்த காலேஜ் ஆகாமல் இருக்க அது ஒன்றே வழி.

இதெல்லாம் நடக்கும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த மலரைப் படித்து முடித்ததும் பழைய ஆல்பத்தை எடுங்கள். ஒவ்வொரு ஃபோட்டோவின் பின்னாலும் பென்சிலால், யார் யார், எந்த வருஷம், எந்தக் குவார்ட்டர்ஸ் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார்த்திக் கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாத ஃபோட்டோவை எந்த அருங்காட்சியகத்தாலும் காப்பாற்ற முடியாது.